ஐம்பதாவது பெட்டி: திகில் இலக்கிய வாசகர்களுக்காக இராமநாதபுரம் கடற்கரையில் செய்த பரிசுப் பொருள்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமேசுவரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் மூன்று தலைமுறையாகச் சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்றுவரும் குடும்பமும், சாயல்குடிப் பக்கத்துச் சிற்றூரில் பனையோலைப் பெட்டி முடையும் எட்டுப் பெண்களும் சேர்ந்து, சென்னையிலுள்ள வாசகர் வட்டத்துக்கு 75 பரிசுப் பெட்டிகள் செய்து கொடுத்தார்கள். ஆடி மாதத்தில் தொடங்கி மார்கழியில் முடிந்த அந்தப் பணியின் பதிவு இது. கடையின் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் எழுதிக் கொடுப்பவன் நான். பழைய ஆங்கிலத் திகில் நாவல்களைப் பள்ளிப் பருவம் முதல் வாசித்துவருகிறேன் என்பது தெரிந்து என்னையும் இதில் சேர்த்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும் இதில் இல்லை. எழுதுவதற்கு எல்லோரிடமும் ஒப்புதல் பெற்றிருக்கிறேன்.

இராமேசுவரத்துச் சிப்பிக் கடைகளில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வணிகத்தின் சிக்கல் விளங்கும். சிப்பி ஒட்டிய கண்ணாடிச் சட்டம், சோழித் திரை, பெயர் பொறித்த சங்கு என எல்லாக் கடையிலும் இருப்பவை ஒரே பொருள்கள். விலையைக் குறைப்பதைத் தவிரப் போட்டிக்கு வேறு வழி கிடையாது. ஓலை முடையும் பெண்களுக்கோ பதநீர்ப் பருவம் முடிந்த பிறகுதான் கை ஓயும். அப்போது முடையும் கொட்டானுக்கும் பெட்டிக்கும் உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் விலை ஓலை வாங்கிய காசைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கடைக்காரரின் மகள் சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அந்த வாசகர் வட்டத்தில் அவர் உறுப்பினராக இருந்ததால் இந்தப் பணி இவர்களைத் தேடி வந்தது.

கோரிக்கையும் முதல் மாதிரிகளும்

வட்டத்தார் முதலில் கேட்டவை 90 பெட்டிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திகில் நூல்களை வாசிப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பாதுகாக்கத்தக்க கைவினைப் பரிசாக அவை இருக்க வேண்டும், பெட்டிக்கு 1,450 ரூபாய், பாதித் தொகை முன்பணம், டிசம்பர் 10க்குள் சென்னையில் ஒப்படைப்பு என்பவை நிபந்தனைகள். பொருள் என்ன என்பதை அவர்கள் எங்களிடமே விட்டிருந்தார்கள்.

ஆவணியில் மூன்று மாதிரிகள் செய்து அனுப்பினோம். முதலாவது, சோழிகளை ஒட்டிச் செய்த மண்டையோடு. இரண்டாவது, தட்டையான உச்சந்தலையும் கழுத்தின் இருபுறமும் திருகாணியும் கொண்ட பூதத்தின் முகத்தைப் பொறித்த சங்கு. மூன்றாவது, நிமிர்ந்த காலரும் நீண்ட அங்கியும் அணிந்த இரத்தக் காட்டேரியின் ஓலைப் பொம்மை. வட்டத்தாரில் ஒருவர் கண்ணாடிக் குப்பிக்குள் உலர்ந்த கடல் குதிரையை வைத்துத் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். கடல் குதிரையும் பவளமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. கடைக்காரர் அதைத் தொலைபேசியிலேயே மறுத்துவிட்டார். அதில் ஆலோசனைக்கு இடமே இருக்கவில்லை.

மூன்று மாதிரிகளும் பத்து நாளில் திரும்பி வந்தன. வேலைப்பாட்டில் குறை சொல்லவில்லை. இவற்றில் எந்த நூலும் தெரியவில்லை, படங்கள்தாம் தெரிகின்றன என்று எழுதியிருந்தார்கள். கடைக்காரருக்கு அது மனவருத்தம் தந்தது. நூலை அறிந்திருந்தும் மாதிரிகளை நிறுத்தாமல் விட்ட என்னை அது உறுத்தியது.

மாதிரிகளில் இருந்த பிழை

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818 சனவரியில் ஆசிரியர் பெயரின்றி மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதில் வரும் உயிர் எட்டடி உயரம் உடையது. மஞ்சள் நிறத் தோல், பளபளக்கும் நீண்ட கருங்கூந்தல், முத்துப் பற்கள், கறுத்த உதடுகள் என்று அதைப் படைத்தவனே வர்ணிக்கிறான். கழுத்தில் திருகாணி கிடையாது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அதைப் படைத்த மாணவனின் பெயர். படைக்கப்பட்டதற்கு நூலில் பெயரே இல்லை. தட்டைத் தலையும் திருகாணியும் 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் உருவாக்கியவை. அந்த முகவடிவத்துக்கு அப்படத்தைத் தயாரித்த நிறுவனம் இன்றும் உரிமை கோரிவருகிறது.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897 மே மாதம் மஞ்சள் துணி அட்டையில் சிவப்பு எழுத்துகளுடன் இலண்டனில் வெளிவந்தது. அந்நூலில் இரத்தக் காட்டேரியான டிராகுலா பிரபு முதலில் தோன்றும்போது நீண்ட வெண்மீசை வைத்த கிழவர். உள்ளங்கையில் மயிர் முளைத்திருக்கும். நிமிர்ந்த காலர் அங்கி 1924இல் தொடங்கிய மேடை நாடகத்தின் வழி வந்து, 1931ஆம் ஆண்டுப் படத்தால் உலகெங்கும் பரவியது. வெயில் பட்டால் அவர் எரிந்து சாம்பலாவார் என்பதும் நூலில் இல்லை; பகலில் இலண்டன் தெருவில் நடக்கிறார். வெயிலால் அழிவது 1922ஆம் ஆண்டு ஜெர்மானிய மௌனப் படத்தில் வந்த முடிவு.

திகில் நூல்களை ஒட்டிய சேகரிப்புப் பொருள்களின் வரலாறு பெரும்பாலும் திரையின் வழியாகவே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அரோரா நிறுவனம் 1961இல் விற்பனைக்கு விட்ட, பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பூதப் பொம்மையும் திரைமுகத்தையே கொண்டிருந்தது. ஆகவே நாங்கள் செய்த பிழை புதிதன்று. ஆனால் எங்களிடம் கேட்டவர்கள் வாசகர்கள். ஒரே நாவலை நான்கைந்து முறை வாசித்து, வரிகளை மனத்தில் வைத்திருப்பவரின் கையில் திரைமுகத்தைக் கொடுத்தால், அவர் நேசிக்கும் பொருளைக் கொடுத்தவர் தொட்டும் பார்க்கவில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நூலுக்குத் திரும்பிய முடிவு

புரட்டாசித் தொடக்கத்தில் கடைக்காரரும் மகளும் நானும் சாயல்குடிப் பக்கத்து ஊருக்குச் சென்று, முடையும் பெண்களுடன் இரண்டு நாள் உட்கார்ந்தோம். அவர்களிடம் வேலையை ஒப்படைப்பதற்கு முன் கதையை ஒப்படைக்க வேண்டும் என்பது மகளின் யோசனை; இப்பணியில் எடுத்த முடிவுகளில் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். ‘டிராகுலா’வில் டிமீட்டர் என்னும் கப்பல் வரும் பகுதியை அவர் வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

பிரபு தன் சொந்த மண்ணில்தான் உறங்க முடியும். ஆகவே ஐம்பது பெரிய மரப்பெட்டிகளில் மண் நிரப்பி, வர்னா துறைமுகத்திலிருந்து அக்கப்பலில் இங்கிலாந்துக்கு ஏற்றுகிறார்கள். சூலை 6இல் புறப்படும் கப்பலில் மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமற்போகிறார்கள். கடைசியில் விட்பி துறைமுகத்துக்குள் புயலோடு கப்பல் நுழையும்போது, தலைவன் சுக்கான் சக்கரத்தில் கைகள் கட்டப்பட்ட நிலையில், சிலுவையைப் பற்றியவாறு இறந்துகிடக்கிறான். அவனுடைய பையில் தக்கை இறுகிய குப்பி இருக்கிறது. குப்பிக்குள், கப்பல் நாட்குறிப்பின் இறுதிப் பக்கமாகச் சுருட்டிய தாள். 1885இல் விட்பி கடற்கரையில் உண்மையாகவே தரைதட்டிய திமித்ரி என்னும் கப்பலிலிருந்து ஸ்டோக்கர் இதைக் கட்டியெழுப்பினார்.

கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் பலருக்கு உடன்பிறந்தவர்களோ மகன்களோ விசைப்படகில் போகிறவர்கள். “எல்லாரும் போன பெறகும் தண்டேல் எதுக்குச் சுக்கான விடாம நின்டாரு?” என்று மூத்தவர் கேட்டார். தலைவனான தான் கப்பலை விட்டு நீங்கக் கூடாது என்று அவன் எழுதியிருப்பதை மகள் சொன்னதும், அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. “அந்தக் குப்பிய வைங்க” என்றார். பரிசின் நடுப்பொருள் அப்படி முடிவானது.

எந்த முகமும் எந்த உருவமும் வேண்டாம் என்று தீர்மானித்தோம். ஓலைப்பெட்டிக்குள் இரண்டே பொருள்கள்: தக்கையிட்ட குப்பியில் தலைவனின் தாள், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஓலைச் சிமிழில் ‘மண்’. தாளில் உள்ள வாசகத்தை மகளே ஆங்கில மூலத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்தார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் நூல் பொதுவுடைமையாகும். ஸ்டோக்கர் மறைந்தது 1912இல். ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதால், அச்சில் உள்ள தமிழாக்கம் எதையும் எடுத்தாள்வது முறையாகாது.

எண்ணிக்கையையும் நூலே சொன்னது. மண் பெட்டிகள் ஐம்பது என்பதால் இந்த வரிசையும் ஐம்பதோடு நிற்க வேண்டும், ஐம்பத்தொன்றாவது எக்காலத்திலும் செய்யப்படாது என்று எழுத்தில் உறுதி கொடுத்தோம். சேகரிப்பவருக்கு எண்ணிட்ட பொருளின் மதிப்பு அந்த உறுதியில் மட்டுமே இருக்கிறது. நாவலில் அந்த ஐம்பது பெட்டிகளும் எங்கெங்கே போயின என்ற கணக்கு உண்டு: கார்ஃபாக்ஸ் மாளிகையில் 29, மைல் எண்ட் பகுதியில் 6, பெர்மாண்ட்சியில் 6, பிக்காடிலி வீட்டில் 9. எங்கள் சிமிழ்களின் அடியில் எண்ணோடு அந்தந்த இடப்பெயரையும் எழுதினோம். பிக்காடிலி வீட்டைத் திறந்து பார்க்கும்போது எட்டுப் பெட்டிகளே அங்கு இருக்கும், ஒன்பதாவது கிடைக்காது. அதனால் 49 பெட்டிகளை விற்று, ஐம்பதாவதை இராமேசுவரத்துக் கடையிலேயே வைத்துக்கொள்வது என்று மகள் சொன்னார். வாசகரை மகிழ்விக்கும் நுணுக்கமாக மட்டுமே அப்போது அதை நினைத்தோம்.

எஞ்சிய எண்ணிக்கைக்கு எட்கர் ஆலன் போவின் இரண்டு ஆக்கங்களைச் சேர்த்தோம். கடலில் தொலைந்த பயணி குப்பிக்குள் இட்டு எறிந்த கையெழுத்துப்படியாக அமைந்த கதை 1833இல் வந்தது. அதற்கும் அதே குப்பி பொருந்தியது. 1845இல் வந்த புகழ்பெற்ற கவிதைக்கு, கறுப்புச் சாயம் ஏற்றிய ஓலையில் அண்டங்காக்கை.

குரங்குப் பாதம்

மூன்றாவது வரிசையாக நான் முன்மொழிந்தது, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட குரங்குப் பாதக் கதை. இந்தியாவிலிருந்து படைவீரர் கொண்டுவந்த உலர்ந்த குரங்குப் பாதம் மூன்று வரங்கள் தரும்; இருநூறு பவுண்டு கேட்ட பெற்றோருக்கு அத்தொகை மகனின் சாவுக்கு ஈடாக வந்துசேரும். பனைமரத்தில் பாதத்தைச் செதுக்கலாம் என்று நினைத்து, இராமேசுவரத்தில் அறிந்த தச்சரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் கையில் வாங்கவே இல்லை. “அனுமார் பாலங் கட்டுன ஊர்ல, அவரு காலை வெட்டி வச்ச மாதிரி செய்யச் சொல்றீகளே சார்” என்றார். அதோடு அந்த முன்மொழிவைக் கைவிட்டேன். கதையின் மீதுள்ள என் பற்று குறையவில்லை. செய்பவரின் மனம் கூசும் பொருளை அவரிடம் செய்து வாங்கக் கூடாது என்பதே காரணம்.

தனுஷ்கோடி மணல்

ஐப்பசியில் வந்த கோரிக்கை இதைவிடக் கடினமானது. ஆண்டுக் கூட்டத்தை டிசம்பர் 22 இரவில் ‘பேய் நகரம்’ என்ற தலைப்பில் நடத்தப் போவதாகவும், ஒவ்வொரு பெட்டியிலும் தனுஷ்கோடி மணலையும் அங்குள்ள இடிந்த தேவாலயத்தின் கல்துண்டு ஒன்றையும் வைக்க வேண்டும் என்றும், அதற்குப் பெட்டிக்கு 400 ரூபாய் கூடுதலாகத் தருவதாகவும் வட்டத்தார் எழுதினார்கள். அவர்கள் கேட்டதற்கு நூலிலேயே ஆதாரமும் காட்டினார்கள்: டிமீட்டர் கப்பலின் அடிப்பாரமாக இருந்தது வெண்மணல். இலக்கிய நியாயம் அதில் இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். படித்தவுடன் எனக்கு அது பிடித்தும் இருந்தது. அதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயலில் கடல் தனுஷ்கோடிக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில் ஊரை எட்டும் முன்னரே அலையில் சிக்கி, அதிலிருந்தவர்களோடு போயிற்று. தலைமன்னாருக்குக் கப்பல் ஏற வந்தவர்களின் துறைமுக ஊர் அது. அஞ்சலகம், இரயில் நிலையம், தேவாலயம் எல்லாம் இடிந்து, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசால் அறிவிக்கப்பட்டது. அரிச்சல்முனை வரை இன்று சாலை போகிறது. இடிபாடுகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டமும் இருக்கிறது. அனுமதியின்றி மணலோ கல்லோ அங்கிருந்து எடுப்பது சட்டப்படியும் தவறு. ஆனால் சட்டத்தைச் சொல்லி இந்தக் கோரிக்கையை மறுத்தோம் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது.

கடைக்காரரின் தாயார் அந்தப் புயலில் தம் வீட்டாரில் நால்வரை இழந்தவர். கடிதத்தைப் பேத்தி படித்துக் காட்டியபோது நானும் இருந்தேன். அவர் நீண்ட நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அங்கிட்டுச் செத்தவுக பேய் இல்ல தாயி, நம்ம சனம். அவுக ஒதுங்குன மணல அள்ளிப் பெட்டியில போட்டு விக்கவா?” பேத்தி, “இல்ல அப்பத்தா, விக்க மாட்டோம்” என்றார். கடைக்காரர் பேசவில்லை. கூடுதல் தொகையைக் கணக்கிட்டு நான் எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுப்புக் கடிதத்தை மகளும் நானும் சேர்ந்து எழுதினோம். டிமீட்டரில் மாண்டவர்களை ஸ்டோக்கர் கற்பனையில் படைத்தார். அவர்களுக்காக அழுவதற்கு விட்பியில் யாரும் இருக்கவில்லை, அதனால்தான் அந்தக் கதையை அச்சத்தோடும் இன்பத்தோடும் வாசிக்க முடிகிறது. தனுஷ்கோடியில் போனவர்களுக்கு ஆண்டுதோறும் அதே நாளில் திதி கொடுக்கிறவர்களும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க எங்களால் முடியாது, இதனால் முழுப் பணியையும் திரும்பப் பெற்றாலும் முன்பணத்தைத் தந்துவிடுகிறோம் என்று எழுதினோம். திகில் இலக்கியத்தை நேசிப்பவன் என்ற முறையில் அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லையும் நான் இன்றும் ஏற்கிறேன்.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. அந்த நாள்களில் ஓலை முடையும் வேலையை நிறுத்தவும் முடியாமல், தொடரத் துணிவும் இல்லாமல் இருந்தோம். பின்னர் வந்த பதிலில், கூட்டத்தை அதற்கு முந்தைய ஞாயிறுக்கு மாற்றியிருப்பதாகவும் தலைப்பைக் கைவிட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். 15 உறுப்பினர் விலகிக்கொண்டார்கள். பணி 90இலிருந்து 75 ஆயிற்று. ஓலை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதால் 21,750 ரூபாய் வருவாய்க் குறைவு கடையின் மேல் விழுந்தது. 49 டிராகுலா பெட்டிகள், 26 போ பெட்டிகள் என்று பிரித்துக்கொண்டோம்.

தயாரிப்பும் மழைக்காலமும்

பெட்டிகளுக்குக் குருத்தோலையே பயன்பட்டது. முற்றிய சாரோலை உறுதியானது என்றாலும் மெல்லிய பின்னலுக்கு வளையாது. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து முடைவதற்குப் பெட்டிக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆனது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால் உலர்த்துவதற்கு வெயில் வாய்த்த நாள்கள் குறைவு. கறுப்புச் சாயம் ஏற்றிய ஓலை நன்றாகக் காயாமல் விரலில் ஒட்டியதால், அண்டங்காக்கைகளில் முதல் ஒன்பதை ஒதுக்கிவிட்டு மீண்டும் செய்தார்கள்.

சிமிழுக்குள் எந்த மண்ணை வைப்பது என்பதில்தான் நான் தவறினேன். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கும் சில பெட்டிகள் போகும் என்று வட்டத்தார் சொல்லியிருந்தார்கள்; பல நாடுகள் பயிர்நோய் அச்சத்தால் மண்ணை உள்ளே விடுவதில்லை. அப்போது மகள் கருப்பட்டியைப் பொடித்து நிரப்பலாம் என்றார். நிறம் ஈரமான கரிய மண்ணைப் போலவே இருக்கும். இந்தக் கரையின் மண்ணிலிருந்து எழுந்த பனையின் சாறு அது. ‘சொந்த மண்’ என்ற நாவலின் கருத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எங்களுக்குத் தோன்றவில்லை. முடைபவர்களில் மூத்தவர் மட்டும், “கார்த்திகையில கருப்பட்டி கசியும், பரண்ல அடுப்புப் புகையில இருந்தாத்தான் நிக்கும்” என்றார். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, குறிப்பேட்டில் ஏறவில்லை. சிமிழின் மூடியை மெழுகால் அடைத்தால் போதும் என்று எண்ணிவிட்டேன். ஓலைப் பின்னலின் இடுக்குகளை மூடியின் மெழுகு அடைக்காது என்பது எண்ணிப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும்.

டிசம்பர் 2இல் 75 பெட்டிகளையும் மொத்தமாகச் சென்னைக்கு அனுப்பினோம்.

அனுப்பிய பின்

டிசம்பர் 6 காலையில், கடையின் கண்ணாடி அலமாரியில் இருந்த ஐம்பதாவது பெட்டியைச் சுற்றி எறும்பு ஊர்வதைக் கடைக்காரர் பார்த்தார். திறந்தபோது சிமிழின் அடி ஈரமாக இருந்தது; கருப்பட்டிப் பாகு கசிந்து, அடியில் எழுதியிருந்த ‘பிக்காடிலி’ என்ற சொல்லைப் பாதி கரைத்திருந்தது.

அரை மணி நேரத்துக்குள் வட்டத்தின் செயலாளரை மகள் தொலைபேசியில் அழைத்து, பெட்டிகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம், எல்லாவற்றையும் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். 49இல் 17 சிமிழ்கள் கசிந்திருந்தன. அவற்றில் 6 பெட்டிகளில் ஈரம் அடிப்பின்னல் வரை இறங்கியிருந்தது. குப்பிக்குள் இருந்ததால் தாள்கள் தப்பின. கசியாதவற்றை விட்டுவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். அடுத்த ஆண்டு மழையில் அவையும் கசியும், அப்போது அவை நம் கைக்கு எட்டாத அலமாரிகளில் இருக்கும் என்று சொல்லி, 49 சிமிழ்களையும் மாற்றுவது என்று முடிவெடுத்தோம்.

மாற்றுப்பொருளைச் சொன்னவரும் அதே மூத்தவர்தான். குயவரிடம் உடைந்துகிடக்கும் சுட்ட பானை ஓடுகளை இடித்துச் சலித்தால் கருஞ்செந்நிறத் தூள் கிடைக்கும். சூளையில் வெந்தது என்பதால் ஈரத்தில் கரையாது, பூச்சியும் அண்டாது. ஆனாலும் அது மண்தான். எட்டுப் பெண்களும் இரண்டு பகல் ஓர் இரவில் 50 சிமிழ்களையும் பெரிய பெட்டிகள் ஆறையும் மீண்டும் முடைந்தார்கள். அவற்றை எடுத்துக்கொண்டு மகள் இரவு இரயிலில் சென்னை சென்று, செயலாளரின் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினார். டிசம்பர் 10ஆம் தேதி என்ற வாக்கு தவறவில்லை. கூலி, பயணம், பொருள் எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் ஆனது. அதில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன், கடைக்காரர் மறுத்தும்.

கூட்டத்தில் பெட்டிகளைப் பெற்றவர்கள் முதலில் திறந்தது குப்பியை. இடப்பெயர்களின் கணக்கைக் கண்டுகொண்ட சிலர், கார்ஃபாக்ஸ் பெட்டி வைத்திருப்பவர்களும் பிக்காடிலி பெட்டி வைத்திருப்பவர்களுமாகத் தேடிச் சேர்ந்து நின்றதாகவும், ஐம்பதாவது எங்கே என்ற கேள்வி உடனே எழுந்ததாகவும் செயலாளர் எழுதினார். அதற்குப் பின் ஒரு மாதத்தில் 30 பெட்டிகளுக்கு மேலும் கோரிக்கை வந்தது. கையில் ஓலை இருந்தது, பெண்களுக்கு வேலையும் தேவைப்பட்டது. ஆனாலும் ஐம்பத்தொன்றாவது இல்லை என்று எழுதிக் கொடுத்த சொல் இருந்ததால், போவின் வரிசையில் மட்டும் ஏற்றுக்கொண்டோம். அதற்கு எண் இடவில்லை. எண்ணிடாதது சரியான முடிவு என்பதில் கடைக்காரரும் நானும் இன்னும் உடன்படவில்லை. எண்ணும் ஓர் உறுதியும் இருந்திருந்தால் அதையும் வாசகர் பேணியிருப்பார் என்பது அவர் தரப்பு. வேலையை வரம்பிட்டால் முடைபவர்களின் வருவாயையும் வரம்பிட்டதாகும் என்பது என் தரப்பு.

அடுத்த பணியில் மாற்றியவை

இப்போது எந்தப் பரிசுப்பொருளும் வரைபடத்தில் தொடங்குவதில்லை. நூலின் பகுதியை முடைபவர்களுக்கும் செதுக்குபவர்களுக்கும் சொல்லிய பிறகே தொடங்குகிறது. அவர்கள் சொல்லும் எச்சரிக்கைகளை யார் சொன்னது என்பதோடு குறிப்பேட்டில் எழுதுகிறோம். அதற்கு விடை எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை சாய ஓலை வேலை எடுப்பதில்லை. ஓலையை ஆடிக்குள் உலர்த்திக் கட்டி வைக்கிறோம். ஒப்பந்தத் தாளில் இரண்டு வரிகள் சேர்ந்திருக்கின்றன: கடலின் உயிர்களோ அவற்றின் எச்சங்களோ சட்டம் காப்பவையாக இருந்தால் பயன்படுத்த மாட்டோம் என்பது ஒன்று, இந்தக் கரையில் மாண்டவர்களைப் பொருளாக்கும் வேலையை ஏற்க மாட்டோம் என்பது மற்றது. முன்பணம் வாங்கும் முன்பே அதைப் படித்துக் காட்டுகிறோம்.

ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பெட்டியை அனுப்பாமல் கடையில் வைத்து, அடுத்த மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறோம். பானை ஓட்டுத் தூள் நிரப்பிய ஐம்பதாவது பெட்டி இப்போதும் அந்த அலமாரியில் இருக்கிறது. கரைந்துபோன ‘பிக்காடிலி’யை அதன் புதிய சிமிழில் மகள் இரண்டாம் முறை எழுதியிருக்கிறார், வாரந்தோறும் அதைத் திறந்து பார்க்கும் வேலையை அப்பத்தா தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்.